சங்கிலிக்கு உள்ளே வந்த சந்தை

1936 ஜூன் 7, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். எட்டு மணிக்கு விட்டது. குடை, சாக்குப்பை இரண்டு, பழைய செருப்பு. தெஹியோவிட்டச் சந்தை.

வாங்கியது: வல்லாரை, பொன்னாங்காணி, பிஞ்சுப் பலா ஒன்று, கைக்குத்துச் சிவப்பரிசி, கித்துல் கருப்பட்டி. வாங்காதது: தம்பி கேட்ட உருளைக்கிழங்கு. அது இந்தப் பக்கம் விளையாது. வெள்ளிக்கிழமை வண்டியில் வரும், முளை விட்டு.

போன வாரத்து வண்டியில் ஒரு முட்டைக்கோஸ். நுவரெலியாவில் விளைந்தது. அங்கிருந்து ரயிலில் கொழும்பு, கொழும்பிலிருந்து ரயிலில் அவிசாவளை, பிறகு மாட்டுவண்டியில் இந்த ரப்பர் தோட்டம். நான் இங்கே வந்த பிறகு அவ்வளவு தூரம் போனதில்லை. வெளி இலைகளை உரித்துக்கொண்டே போனேன். கடைசியில் மிஞ்சியது ஒரு கைப்பிடி.

மெனிக்கேயின் வல்லாரை வேரில் இன்னும் ஈரம். மலையடிவாரத்துக் கிராமம் அவளுடையது. விடிய எழுந்து பிடுங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறாள். அரைகுறைத் தமிழ் அவளுக்கு, அரைகுறைச் சிங்களம் எனக்கு. போன வாரக் கொகிலத் தண்டு நார் நாராக இருந்தது என்று சொன்னேன். நறுக்கத் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஒரு கட்டு வல்லாரை சும்மா போட்டாள். டின் மீனோடு யார் இப்படிச் சண்டை போடமுடியும்?

நாட்டில் விளைந்ததையே உண்போம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் சந்தையில் நின்றதாகத் தெரியவில்லை. உடம்புக்கு நல்லது, நாட்டுக்கு நல்லது என்று அடுக்குகிறார்கள். எனக்கு அந்த அளவு நம்பிக்கை கிடையாது. ருசியாக இருக்கிறது, மலிவாக இருக்கிறது, விளைவித்தவளின் முகம் தெரிகிறது. இதற்குமேல் நான் சொல்லமாட்டேன்.

நம் வீட்டில் மசாலை அரைக்கும் வேலாயி பலாக் குவியலுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில். மகள் மருதாயி பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்து, இலையில் சோறு. வேலாயி பிசைந்து கொடுக்க அவள் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன். பிள்ளை வயிறு இறங்கியிருக்கிறது. பாதம் இரண்டும் வீக்கம்.

திரும்பி வரும்போது பாலத்துக்கிட்டே மழை பிடித்துக்கொண்டது. முழுக்க நனைந்தேன். அவசரப்படவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேரும் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை அறைகளில், ஒரே சத்தம்.

தம்பிக்கு ஜலதோஷம். ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். பெரிய கிளாக்கர் அவன் தும்மினால் சின்னக் கிளாக்கர்கள் மூவரும் எழுந்து நிற்கிறார்களாம். தானே சொல்லிச் சிரித்தான். பிறகு, சிரிப்பு நிற்பதற்குள், "சந்தைக்கு ஆளை அனுப்பக்கூடாதாக்கா? ரப்பர்மேக்கர் வீட்டில கேக்கறாங்க." ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் சாக்குப்பையோடு நடந்து போவதில்லை. தெரியும். அவன் மனைவி இறந்தபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மதராஸில் டீச்சர் வேலையை விட்டு வந்தேன். குழந்தைகள் இப்போது கொழும்பில் போர்டிங். நான் மட்டும் இங்கே. நான் ஏன் இன்னும் இங்கே என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பொன்னாங்காணி நன்றாக இருக்கிறதா என்றேன். நன்றாக இருக்கிறது என்றான்.

மத்தியானம் வேலாயி மசாலை அரைக்க வந்தாள். அவள் பேசவேண்டுமென்றால் அம்மி ஓடவேண்டும். மருதாயிக்கு ஆடியில் பிறக்கும். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டியது. முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பையனோடு போய்விட்டாள் என்று நம் பெரிய கங்காணிக்குக் கோபம். அவருக்கும் அந்தத் தோட்டத்துக் கங்காணிக்கும் முன்பிருந்தே ஆகாது. என் லயத்தில் அவள் கால் வைத்தால் உன் சட்டிபானை வெளியே என்று வேலாயியிடம் சொல்லிவிட்டார். போன வருஷத்திலிருந்து தாயும் மகளும் பார்த்துக்கொள்வது சந்தையில் மட்டும்.

"அங்கிட்டு வெறும் வெள்ளரிசியும் கருவாடுந்தாங்க குடுக்கறாக. மெனிக்கே சொன்னா, குரக்கனும் கீரையும் குடு, வீக்கம் வடியும்னு. குடுத்தேன். போன மாசத்துக்கு இப்ப தேவலைங்க."

கேழ்வரகும் கீரையும் தின்று வீக்கம் வடியும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். போன மாதம் முழங்கால் வரை இருந்தது, இப்போது பாதத்தோடு நிற்கிறது. அதைப் பார்த்தேன். எதனால் என்று தெரியாது.

ஜூன் 12, வெள்ளி

வண்டி வந்தது. ரங்கூன் அரிசி, பம்பாய் வெங்காயம், டின்கள், உருளைக்கிழங்கு (பாதி அழுகல்). பிஸ்கட் டப்பாவுக்குள் எறும்பு.

வாசலில் ஏதோ கலவரம் என்று சத்தம் கேட்டது. பிறகு தம்பி சொன்னான். போன ஞாயிறு சந்தைக்குப் போன கூட்டத்தில் யாரோ ஒருத்தன் கூடையில் கீரைக்கட்டுக்குக் கீழே ஒட்டுப்பால் இருந்ததாம். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பரைச் சுருட்டி வெளியே விற்பது புதிதல்ல. இந்தத் தடவை தகவல் துரை காதுக்குப் போய்விட்டது. உத்தரவு: இனி ஞாயிற்றுக்கிழமை அனுமதித் துண்டு இல்லாமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது. துண்டு துரை கையெழுத்தில். அவசரத்துக்கு மட்டும். சந்தை அவசரமல்ல.

எத்தனை பேர் கூடையில் இருந்தது என்று கேட்டேன். ஒருவன்.

"ஒருத்தன்தான் மாட்டினான்" என்றான் தம்பி.

ஜூன் 14, ஞாயிறு

நல்ல வெய்யில். இந்த மாதத்தில் அபூர்வம்.

பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதையில் காவல் குடிசைக்கு எதிரே புதிதாகச் சங்கிலி, இரண்டு மரக்கட்டைக்கு நடுவில். காவல்காரன் எழுந்து கும்பிட்டான். சங்கிலியை அவிழ்க்கவில்லை. மிகவும் சங்கடப்பட்டான்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. ஸ்டாஃப்பு வூட்டுக்கும் துண்டுன்னு சொல்லிருக்காக."

என்னைச் சேர்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை முழுவதும் லயத்து ஜனங்களுக்காக வருத்தப்பட்டேன். அது எனக்கும் போட்ட உத்தரவு என்று நினைக்கவில்லை.

சங்கிலிக்கு இந்தப் பக்கம் வேலாயி குந்தியிருந்தாள். மடியில் இலைப்பொட்டலம். எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். சும்மாதாங்க என்றாள். மகள் அங்கே பலாக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், நடந்தது அவளுக்குத் தெரியாது. இதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததுதான்.

மத்தியானம் டின் மீன். தம்பி ஜெபக்கூட்டத்துக்குப் போனான். நான் தலைவலி என்றேன். தலைவலியும் இருந்தது.

ஜூன் 17, புதன்

பங்களாவில் டீ. துரைசாணிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் ஞாபகம் வரும். படித்த பெண்ணோடு பேச ஆசை. பேசுவது பெரும்பாலும் அவளுடைய ரோஜாச்செடிகளைப் பற்றி. இன்று நான் பேசினேன். எனக்கே ஆச்சரியம்.

சொன்னது சுருக்கமாக: லயத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்புண், வீக்கம். வண்டியில் வரும் சாமான் பழசு. ஒரு மைல் தூரத்தில் அன்றைக்குப் பிடுங்கிய கீரை, அன்றைக்குக் குத்திய அரிசி. வாங்குகிறவர்களுக்கு மலிவு, விற்கிறவர்களுக்கு லாபம். தோட்டத்து ஆட்கள் வெளியே போவதுதானே துரைக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் கிராமத்தார் உள்ளே வரட்டும். பெரட்டுக் களத்தில், ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம்.

துரைசாணி கோப்பையைக் கீழே வைத்தாள். அற்புதமான யோசனை என்றாள். துரை நடுவில் வந்தார், அவரும் கேட்டார், தலையாட்டினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கால் தரையில் பாவவில்லை. கல்லூரியில் விவாதத்தில் ஜெயித்த நாட்கள் மாதிரி. யாவாரிகளோடு யாவாரியாக மருதாயியும் உள்ளே வந்துவிடுவாள். அதை மட்டும் பங்களாவில் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன்.

வேலாயியிடம் சொன்னேன். அம்மியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவாங்க?" பிறகு அரைத்ததையே மறுபடி அரைத்தாள்.

ஜூன் 21, ஞாயிறு

மப்பு. மழை இல்லை.

பெரட்டுக் களத்தில் சந்தை. ஏழெட்டுக் கிராமத்தார், மெனிக்கே முதலில். காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் வெண்டைக்காய், கெக்கிரி, ஈரப்பலா. லயத்து ஜனம் முழுவதும் அங்கே. தப்பு மேளம் அடிக்காமலே இவ்வளவு பேர் வந்ததை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். சிரிப்பு. குழந்தைகள் கருப்பட்டியைச் சுற்றி. ரப்பர்மேக்கர் வீட்டம்மாகூட வந்தாள், குடையோடு, தான் சொல்லித்தான் இதெல்லாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு.

மருதாயி வரவில்லை. எப்படி வருவாள், யார் சொன்னார்கள் அவளுக்கு? மெனிக்கேயிடம் விசாரித்தேன். போன ஞாயிறு வெய்யில் ஏறும்வரை பலாக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம். இன்றைக்கும் வந்திருப்பாள் என்றாள். அடுத்த வாரம் உங்களோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், தலையில் ஒரு கூடையை ஏற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மெனிக்கே ஆற்றுப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிடுவாள்.

வேலாயி குரக்கன் மாவும் முருங்கைக்கீரையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

ஒன்று கவனித்தேன். பெரிய கங்காணி ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டார். வாசல் வரி என்று வேடிக்கையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மெனிக்கே பழுத்த இலைக்கட்டாகப் பார்த்து முதலிலேயே எடுத்து நீட்டினாள்.

ஜூன் 24, புதன்

சாப்பாட்டில் வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வதக்கல், சிவப்பரிசிச் சோறு. தம்பி இரண்டாம் தரம் போட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை வண்டிக்கு எழுதும் சாமானில் பாதியை அடிக்கலாம் என்றான். துரை அவனைக் கூப்பிட்டு, உன் அக்கா புத்திசாலி என்றாராம். இதைச் சொல்லும்போது அவன் முகம். சின்ன வயதில் பரீட்சை மார்க்கைக் காட்டுவானே, அந்த முகம்.

இனி நீ மழையில் நனைய வேண்டியதில்லை அக்கா, என்றான்.

ஜன்னல் வழியாக ரப்பர் மரங்கள். வரிசை வரிசையாக. எந்தப் பக்கம் பார்த்தாலும் வரிசை.

ஜூன் 28, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

ஒன்பது மணி சுமாருக்குக் கிராமத்தார் வந்தார்கள். நானும் வேலாயியும் களத்தின் ஓரத்தில். அங்கிருந்து சங்கிலி தெரியும். மெனிக்கேக்குப் பின்னால் மருதாயி. தலையில் கூடை, ஒரு கை இடுப்பில். நடையே வாத்து நடை. கூடையில் கொஞ்சம் கறிவேப்பிலையும் வாழைப்பூவும். மெனிக்கே கொடுத்ததாக இருக்கும்.

காவல்காரன் சங்கிலியை இறக்கிவிட்டான். மெனிக்கே உள்ளே வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய கங்காணி வாசல் வரிக்கு வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டி மறித்தார்.

நான் போனேன். ஓடவில்லை, வேகமாக நடந்தேன். அவர் மரியாதையாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"டீச்சரம்மா, யாவாரிங்களத்தான் உள்ள விடலாம்னு துரை உத்தரவு. இது யாவாரியா?"

கூடையில் சாமான் இருக்கிறதே என்றேன்.

கூடைக்குள் கையை விட்டு ஒரு வாழைப்பூவை எடுத்தார். "என்ன வெலை புள்ள?"

மருதாயி மெனிக்கேயைப் பார்த்தாள். விலை அவளுக்குத் தெரியாது. மெனிக்கே பின்னாலிருந்து சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வெலை தெரியாத யாவாரி" என்றார். சிரித்தார். வாழைப்பூவைக் கூடையிலேயே போட்டார். "அந்தத் தோட்டத்துப் பொண்ணு அந்தத் தோட்டத்துல இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாத வெவகாரம்மா இது. நீங்க கீரை பாருங்க."

இந்தச் சந்தையை வேண்டிக் கேட்டது நான் என்று சொன்னேன். ஆமாங்க, ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க என்றார். இப்ப ஞாயித்துக்கெழமை ஒரு ஆள்கூட வெளிய போறதில்ல, தோட்டம் அமைதியா இருக்கு, துரை ரொம்ப சந்தோசமா இருக்காரு. ஒரு சொல்கூடக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

வேலாயி அதற்குள் சங்கிலிவரை வந்துவிட்டாள். இருவருக்கும் நடுவில் நாலடி. தொட்டுவிடலாம். தொட்டால் லயத்து அறை போகும், வேலை போகும், இளையவன் சின்னான் படிக்கும் தோட்டப் பள்ளிக்கூடமும் போகும். வேலாயி நின்றுவிட்டாள்.

"காலு எப்படிடி இருக்கு?"

"தேவலை ஆத்தா."

பொய். கணுக்கால் செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது. தெஹியோவிட்டவில் நம் பக்கத்துக் கிராமத்தார் யாரும் இப்போது கடை போடுவதில்லை; எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். மூன்று வாரமாக அவளுக்கு வாங்கிக் கொடுக்க ஆளும் இல்லை, வாங்கச் சரக்கும் இல்லை.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"பாத்தாச்சுல்ல, போதும்" என்றார் பெரிய கங்காணி. குரலை உயர்த்தவில்லை.

வேலாயி மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து மெனிக்கேயிடம் கொடுத்தாள். மெனிக்கே திரும்பப் போய் மருதாயி கூடையில் வைத்தாள். அதை அவர் தடுக்கவில்லை. மருதாயி பாதையில் இறங்கிப் போனாள். வளைவில் ஒரு தரம் நின்று கூடையை மாற்றி வைத்தாள்.

பிறகு சந்தை நடந்தது. நன்றாகவே நடந்தது. நானும் வெண்டைக்காய் வாங்கினேன். எதற்கு வாங்கினேன்?

ஜூன் 30, செவ்வாய்

இடைவிடாத மழை. துணி காயவில்லை. வீடெல்லாம் ரப்பர் புகை வாசனை.

வேலாயி நேற்று வரவில்லை. இன்று வந்தாள். அரைத்தாள். நான் கதவோரத்தில் நின்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. அரைத்ததை வழித்துக்கொண்டே, "கீரை நல்லாருக்குங்க. வாடவே இல்ல" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

பங்களாவில் நான் அடுக்கிய நன்மைகள் எல்லாம் சரி. ஒவ்வொன்றும் நிரூபணமாகிவிட்டது. புதுசு, மலிவு, நடை மிச்சம். ஒன்றை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் நடந்தார்களே, அது செலவு என்று கழித்துவிட்டேன். அதற்காகத்தான் அவர்கள் போனார்கள். பாதையில் போய், அந்நியர் நடுவே நின்று, யார் பேரும் கூப்பிடாத இடத்தில் பேரம் பேசி, ஒரு பிளேன்டீ குடித்து, வேறு தோட்டத்துச் சொந்தத்தைப் பார்த்து. நான் மட்டும் வேறு எதற்குப் போனேன்? வல்லாரைக்கா? வல்லாரை நம் வேலியோரத்திலேயே முளைத்துக் கிடக்கிறது.

சங்கிலியைத் துரை கட்டினார். அதை யாரும் திறக்கத் தேவையில்லாதபடி செய்தது நான். படித்தவர்களால்தான் இவ்வளவு சுத்தமாகச் செய்யமுடியும்.

துரையிடம் திரும்பப் போய்ச் சொல்லலாம். என்னவென்று? மருதாயி பேரைச் சொன்னால் அடுத்த நிமிஷம் கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்பார். லயத்து அறைகள் கங்காணியின் வார்த்தையில் இருக்கின்றன.

ஜூலை 1, புதன்

ஒன்றுமில்லை. ஈசல். விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

ஜூலை 2, வியாழன்

தம்பியிடம் கேட்டேன். காலைச் சாப்பாடு முடிந்து அவன் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். ஞாயிறு தெஹியோவிட்ட போக எனக்கும் பை தூக்க ஓர் ஆளுக்கும் துண்டு.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அங்க என்னக்கா இருக்கு? எல்லாந்தான் இங்கயே வருதே."

எனக்குப் போகவேண்டும் என்றேன்.

"கீரை வாடாம வருது. நடை மிச்சம். நீ சொன்னதுதான். துரை அதையே எங்கிட்ட திரும்பத் திரும்பச் சொல்றார். இப்ப உனக்கே துண்டு கேட்டா என்னன்னு சொல்வேன்?"

"அக்கா போகணும்னு சொன்னான்னு சொல்லு."

"காரணம் கேப்பார்க்கா."

"காரணம் இல்லை."

இந்த வீட்டில் நான் இதற்குமுன் எதையும் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். வெகுநேரம் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். பை தூக்க யார் என்றான். பார்க்கிறேன் என்றேன். அவனுக்குத் தெரியும். பெரிய கிளாக்கருக்குத் தெரியாமல் இந்தத் தோட்டத்தில் என்ன நடக்கும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் கேட்க எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்காது.

ஜூலை 4, சனி

சாயங்காலம் துண்டு வந்தது. துரை கையெழுத்து, கீழே தம்பியுடையது. எனக்கும் ஒரு சுமையாளுக்கும், பகல் பன்னிரண்டு மணிக்குள் திரும்பவேண்டும். துரை படிக்காமலே போட்டாராம், டப்பால் காகிதங்களோடு காகிதமாக. "பன்னண்டுக்கா. மறந்துடாத. உள்ள வரும்போது காவல்காரன் நேரத்தப் பாப்பான்." இரண்டு தரம் சொன்னான்.

வேலாயியிடம் சொன்னபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். குரக்கன் இருக்கு, முருங்கை இருக்கு, கருவாட்டக் கொஞ்சம் சுட்டுக்கிறேன் என்று தனக்குத்தானே. பிறகு கேட்டாள்: "கங்காணி ஐயா பாத்தா?"

நீ என் பையைத் தூக்குகிறாய் என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு

பென்சிலால் எழுதுகிறேன். பேனா வீட்டில்.

மழை இல்லை. சங்கிலியில் காவல்காரன் துண்டை எழுத்துக் கூட்டிப் படித்தான், வேலாயியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், இறக்கிவிட்டான். பாலத்தைத் தாண்டியதும் வேலாயி முன்னால் போய்விட்டாள். சுமைக்காரி எனக்கு முன்னால், இரண்டு பையும் அவளிடம். பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள்.

சந்தை பாதிதான். நம் பக்கத்து வரிசை வெறும் தரை, இரண்டு நாய்கள். பலாக் குவியலும் இல்லை. அது இருந்த இடத்தில் வேலாயி போய் நின்றாள். அங்கே யாரும் இல்லை.

எதிரே காசிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. சந்தைக்கு வருகிறவர்களையெல்லாம் அவருக்குத் தெரியும். அவரே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையைக் கட்டிலோடு தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றினார்கள் என்றார். அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு. புருஷன்காரன் கூடப் போனான். முகமெல்லாம் வீங்கி இருந்தது. "ஆத்தா வருவா, வந்தா சொல்லுங்க நானான்டு சொல்லிட்டுத்தான் போன. எப்ப வருவீங்கண்டு எனக்கென்ன தெரியும். அல்லாதான் கொண்டாந்து விட்டான்."

வேலாயி என்னைப் பார்த்தாள். அவள் கேட்கமாட்டாள்.

பன்னிரண்டு மணிக்குள் திரும்பவேண்டும். துண்டு என் கைப்பையில். அவிசாவளைக்குப் போய்த் திரும்பினால் சாயங்காலம். காவல்காரன் நேரத்தைப் பார்ப்பான், கங்காணியிடம் சொல்வான், கங்காணி துரையிடம் சொல்வார். துரை கையெழுத்து, தம்பி கையெழுத்து. வேலாயியின் அறை. அங்கே சின்னான், பக்கத்து அறைக்காரியிடம் விட்டு வந்தது. இதையெல்லாம் கடைவாசலில் நின்று ஒவ்வொன்றாக நினைத்தேன். நினைத்து முடிக்கவும் இல்லை, பஸ் வந்துவிட்டது. ஏறு என்றேன்.

பஸ்ஸில் ஒரே மீன் வாசனை, கோழிகள். வேலாயி வாழ்க்கையில் இரண்டாம் தரம் பஸ் ஏறுகிறாள். கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி. உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். வேலாயி போயிருக்கிறாள், பொட்டலத்தோடு. நர்ஸ் பொட்டலத்தைத் தடுக்கவில்லை. என்ன இது என்று கேட்டதற்குக் குரக்கன் என்றேன், கொடுங்கள் என்றாள். மருதாயியின் புருஷன் வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். இருபது வயது இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றவன் உட்காரவே மாட்டேன் என்கிறான். வலி நேற்றே தொடங்கிவிட்டதாம். நாள் இன்னும் இருக்கிறதே என்றேன். ஆமாங்க என்கிறான், எல்லாவற்றுக்கும்.

நடுவில் ஒரு தரம் வேலாயி வெளியே வந்தாள். "பேசுதுங்க. என்னையத் தெரியுது அதுக்கு. ரெண்டு வாய் தின்னுச்சு." உடனே, என் முகத்தைப் பார்க்காமல்: "நான் வரலீங்க டீச்சரம்மா. அவுங்க சட்டிய எறிஞ்சா எறியட்டும். சின்னான மட்டும் நீங்க போயிக் கூட்டி வச்சிக்குங்க. நீங்க போங்க. ஐயாவுக்குப் பதில் சொல்லணும்ல."

உள்ளே போய்விட்டாள்.

சின்னானுக்கு நான் போகவேண்டும். தம்பிக்கு நான் போகவேண்டும். இந்நேரம் வாசலில் நின்றுகொண்டிருப்பான், ஆபீசுக் கோட்டோடு, மற்றவர்கள் பார்க்க, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் யோசித்துப் பார்த்தேன். இங்கிலீஷிலும் யோசித்தேன். வரவில்லை.

புருஷன்காரப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தோட்டத்துக்கு இவன் போகமுடியாது. கங்காணி உள்ளே விடமாட்டார். காசிம் நானாவிடம் போய்ச் சொல், நாளை திங்கள், துண்டு வேண்டாம்; காலையில் மெனிக்கே மூலம் சின்னானைச் சங்கிலிக்கு வெளியே கொண்டுவந்து அவர் கடையில் உட்காரவைக்கட்டும், நான் வருகிறேன் என்று சொல், என்றேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். சரியாகச் சொன்னான். தெஹியோவிட்டவுக்குக் கடைசி பஸ் இதுதான். அவன் ஓடிப்போய் ஏறிவிட்டான்.

டிரைவர் ஹார்ன் அடிக்கிறான். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிங்களப் பெண் என் முழங்கையைத் தொட்டு, நோனா போகவில்லையா, பஸ் புறப்படுகிறதே என்கிறாள்.

இல்லை என்றேன்.